மூன்று இடத்தில் சுரண்ட வேண்டும்

துளைபோடும் மெஷினின் கம்பியைச் சுற்றிக்கொண்டு மேலே வந்தது தூள் இல்லை, சுருள். ஈரச் சுருள்.

பெரியவள் மெஷினை நிறுத்திவிட்டு அதை விரலில் எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக இதுதான் அவள் தொழில். வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டையைக் குடைந்து பூந்தொட்டி ஆக்கித் தருவது. காய்ந்த கட்டையில் துளைபோட்டால் தூள் மாவாகப் பறக்கும், மூக்கில் ஏறித் தும்ம வைக்கும், சாயங்காலம் தலைக்குக் குளித்தாலும் போகாது. இது பறக்கவில்லை. நீளமாய், வெளுப்பாய், சுருண்டு சுருண்டு வந்து அவள் செருப்பின் மேல் விழுந்தது. முகர்ந்து பார்த்தாள். அப்போதுதான் நறுக்கின வெள்ளரிக்காயின் வாசனை. கைக்கு வெதுவெதுப்பாக வேறு இருந்தது. மெஷின் சூடு என்று நினைத்துக்கொண்டாள்.

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் கட்டிலில் சாய்ந்திருந்த சின்னவள் கேட்டாள், "என்னக்கா, நிறுத்திட்ட?"

"ஒண்ணுமில்லடி. மழை பெஞ்ச ஈரம்."

மழை பெய்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

இந்த வேலையில் ஒரே ஒரு விதிதான் உண்டு. உளியை வைக்கும் முன்னால் கட்டையை மூன்று இடத்தில் நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று, மண்ணை ஒட்டி ஒன்று. மூன்று இடமும் பழுப்பாக, பொடியாக உதிர்ந்தால் கட்டை செத்துவிட்டது, குடையலாம். ஒரு இடத்தில் பச்சை தெரிந்தாலும் உயிர் இருக்கிறது, கையை எடுத்துவிட வேண்டும், இன்னொரு கோடை காயட்டும். வேலை பழக வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி நச்சரித்தவள் பெரியவள்தான். படுக்கையில் கிடக்கும் தங்கைக்கும் பொழுது போகட்டும் என்று ஒரு கட்டைத் துண்டைக் கையில் கொடுத்துச் சுரண்டக் கற்றுக்கொடுத்திருந்தாள். இந்தக் கட்டையை மட்டும் அவள் உச்சியில் ஒரு தடவை சுரண்டினாள். பழுப்பு. போதும் என்று விட்டுவிட்டாள்.

போதும் என்று விட்டதற்குக் காரணம் இருந்தது. சின்னவள் உடம்பில் ரத்தம் ஊறாமல் போய் ஒன்பது மாதம். ஏற்றுகிற ரத்தமும் எங்கே போகிறதென்று தெரியாது. இரண்டு வாரத்தில் உதடு மறுபடி வெளுத்துவிடும். போன வாரம் டாக்டர் பெரியவளை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, பேனா மூடியைத் திருகிக்கொண்டே, ஆறு வாரம், இழுத்துப் பிடித்தால் எட்டு என்றார். அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் போனபோது சின்னவளுக்கு எட்டு வயது. அன்றிலிருந்து அவளுக்குத் தலைவாரிவிட்டு, பரீட்சைக்கு எழுப்பிவிட்டு, காதல் கடிதம் வந்தபோது அதைப் படித்துவிட்டு எழுத்துப்பிழைக்காகத் திட்டி வளர்த்தவள் அக்காதான். அவளையும் வாரிக்கொடுத்துவிட்டு இந்த வீட்டில் தான் என்ன செய்வது என்று நினைக்கவே பெரியவளுக்குப் பயமாக இருந்தது.

ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற ஐந்து மரங்களையும் வெட்டச் சொன்னதும் அவள்தான். அந்த அறைக்கு வெயில் வரட்டும் என்று. வெயில் வந்தது. கூடவே ஐந்து மொட்டைக் கட்டைகளும் ஜன்னலில் தெரிந்தன.

"படுத்த இடத்துலருந்து பாத்தா, அஞ்சு பேரைக் கழுத்து வரைக்கும் புதைச்சு வச்ச மாதிரி இருக்குக்கா," என்றாள் சின்னவள். "ஏதாவது செடி வச்சுக் குடு. பூக்கிறதைப் பாத்துட்டுப் போறேன்."

போறேன் என்ற சொல்லைக் கேட்டபிறகு எந்த அக்கா ஒரு கோடை காத்திருப்பாள்?

மறுபடி மெஷினை அழுத்தினாள். விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டிருந்தாள். அதற்குள் நெருக்கமாகத் துளைகள் போட்டு, கொட்டாப்புளியால் உளியைத் தட்டித் தட்டி, மதியத்துக்குள் ஒரு பானை அளவுக்குக் குடைந்துவிட்டாள். வழக்கமாகக் கையைக் கெஞ்ச வைக்கிற வேலை. இந்தக் கட்டையோ தானாகவே வழிவிட்டுக் கொடுத்தது. கடைசியில் உட்பக்கத்தைத் தீயால் வாட்ட வேண்டும், புழு வராமல் இருக்க. பர்னர் தீ உள்ளே பட்டதும் கருகவில்லை. சுவரெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டு, சீறலும் முனகலும் கலந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவள் பர்னரை அணைத்தாள். அணைத்த பிறகும் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது.

சாமந்தி நாற்றுகளைத் தானே நடுவேன் என்று சின்னவள் பிடிவாதம் பிடித்தாள். காற்றில் ஆடும் துணி மாதிரி இருந்தவளைப் பெரியவள் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். கையுறை வேண்டாம் என்று வெறுங்கையை மண்ணுக்குள் விட்டவள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே சூடாக இருக்குதுக்கா, நல்லா இருக்கு, கொஞ்ச நேரம் இருக்கேன் என்றாள். ஒரு மணி நேரம் இருந்தாள். அன்று ராத்திரி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். பெரியவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

இரண்டாவது வாரம் சின்னவள் தானே நடந்து கட்டையிடம் போனாள். மூன்றாவது வாரம் ரத்தப் பரிசோதனைத் தாளை டாக்டர் இரண்டு தடவை படித்தார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். வெயில்தான் டாக்டர் என்றாள் பெரியவள். வீட்டுக்கு வந்த கையோடு மற்ற நான்கு கட்டைகளிலும் வேலையைத் தொடங்கினாள். இந்தத் தடவை விதிப்படி மூன்று இடத்தில் சுரண்டினாள். நான்கிலுமே மண்ணை ஒட்டிப் பச்சை தெரிந்தது. தெரிந்தும் குடைந்தாள். ஒன்றுக்கு இத்தனை பலன் என்றால் ஐந்துக்கு எத்தனை என்று அவள் மனசு கணக்குப் போட்டது. நான்கையும் தீயால் நன்றாக வாட்டினாள். இவை கருகின. அப்போது சின்னவள் ஜன்னலில் நின்றுகொண்டு, வேண்டாம்க்கா, அதுக்கு வலிக்குது என்றாள். அது என்று எந்தக் கட்டையைச் சொன்னாள் என்று பெரியவள் கேட்கவில்லை.

அதற்கு அப்புறம்தான் சின்னச் சின்னதாக ஏதேதோ. நான்கு புதுத் தொட்டிகளிலும் நாற்று வைத்த மூன்றாம் நாளே செடி சாய்ந்தது. வேலியோரப் புல் கட்டைகளைச் சுற்றி வட்டமாகக் காய்ந்தது. முதல் கட்டையில் மட்டும் சாமந்தி, இலை தெரியாமல் பூத்துத் தள்ளியது. அந்தப் பூக்களுக்கு வெள்ளரிக்காய் வாசனை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சின்னவள், நம்ம அம்மா எப்படி இருப்பாங்க என்று சாதாரணமாகக் கேட்டாள். போட்டோவைக் காட்டினாள் பெரியவள். அழகா இருக்காங்க, யாரு இவங்க என்றாள். மருந்தின் மயக்கம் என்று பெரியவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். கன்னம் சிவந்திருக்கிறதே, அது போதாதா?

ஒரு மத்தியானம், வெயில் ஏறிவிட்டது உள்ளே வா என்று கூப்பிடப் போனாள். சின்னவள் இரண்டு கையையும் முழங்கைவரை மண்ணுக்குள் விட்டு, கன்னத்தைக் கட்டை விளிம்பில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தோளைப் பிடித்து இழுத்தாள். கை வரவில்லை. மண்ணை விலக்கினாள். முடி மாதிரி மெல்லிய வெள்ளை வேர்கள், ஆயிரக்கணக்கில், கட்டையின் சுவரிலிருந்து வந்து பத்து நகத்துக்கு அடியிலும் போயிருந்தன. தோலுக்குள்ளே மணிக்கட்டு வரை அவை ஓடுவது தெரிந்தது. மெதுவாக, சீராக, அவற்றுக்குள் ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது.

பெரியவள் செடி வெட்டும் கத்தரியை எடுத்து அந்த வேர்களை ஒரே வீச்சில் வெட்டினாள். தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். கட்டையிலிருந்து பத்தடி போவதற்குள் சின்னவளின் உதடு வெளுத்தது. இருபதடியில் நீலமானது. வாசல் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தபோது தோளில் கிடந்தவளிடம் மூச்சு இல்லை. கன்னத்தைத் தட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நெஞ்சில் காது வைத்தாள். ஒன்றுமில்லை. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போயிற்று. கேட்டைத் திறந்தால் ரோடு, ரோட்டில் வண்டி, வண்டி போனால் ஆஸ்பத்திரி, இருபது நிமிஷம். அவள் கேட்டைத் திறக்கவில்லை. திரும்பி ஓடினாள். தங்கையின் இரண்டு கையையும் மண்ணுக்குள் திணித்தாள், தானே திணித்தாள், அழுத்திப் பிடித்தாள்.

எண்ணிக்கொண்டே இருந்தாள். நாற்பது வந்தபோது சின்னவள் மூச்சை இழுத்தாள்.

அன்று சாயங்காலம் மரம் அறுக்கிறவருக்குப் போன் போட்டாள். சுற்றி வளைத்து ஏதேதோ பேசிவிட்டுக் கேட்டாள், "அண்ணே, இலை, கிளை ஒண்ணும் இல்லாத கட்டை எப்படிண்ணே பச்சையா இருக்கும்?"

அவர் சிரித்தார். அது ஒன்றும் அதிசயம் இல்லை என்றார். மண்ணுக்கு அடியில் வேரோடு வேர் ஒட்டிக்கொள்ளும், பக்கத்து மரம் குடிப்பதில் கட்டைக்கும் பங்கு போகும், அப்படி நாற்பது வருஷம் மொட்டையாக உயிரோடு நின்ற ஒன்றைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

"பக்கத்துல இருக்கறதும் செத்துட்டா?"

"அப்ப ஊட்டறதுக்கு ஆள் இல்லம்மா. அதுவும் போயிரும். இல்லாட்டி வேற எதையாவது புடிச்சுக்கும்." "ஏன், தொட்டி போட்டுட்டியா? மூணு இடத்துல பாத்தியா?"

"பாத்தேண்ணே," என்றாள் பெரியவள்.

நான்கையும் அவள்தான் வாட்டிக் கொன்றிருந்தாள். இப்போது முதல் கட்டையின் விளிம்பு காயத் தொடங்கியது. விரிசல் விட்டது. விரிசல் ஒரு விரல் நகரும்போது சின்னவளின் முகத்திலும் ஒரு சுற்று நிறம் இறங்கியது. வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டு, பெரியவள் அங்கேயே கிடந்தாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். பால் ஊற்றினாள். குளுக்கோஸ் கரைத்து ஊற்றினாள். தங்கையின் மாத்திரைகளையெல்லாம் இடித்துப் போட்டாள். ஊற்றியதெல்லாம் தொண்டையில் இறங்குகிற மாதிரி மடக் மடக்கென்று உள்ளே போயிற்று. பலன் இல்லை. மூன்றாம் நாள் காலையில் சின்னவள் கண்ணைத் திறந்து, "அக்கா, பசிக்குது," என்றாள். ஊட்டிய சோறு கடைவாயில் வழிந்தது. அவள் சொன்னது அந்தப் பசி இல்லை.

இரண்டாவது கட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பெரியவள் அதற்கு முன்னால் மண்டியிட்டாள். காய்ந்த செடியைப் பிடுங்கி எறிந்தாள். மண்ணை வாரினாள். உளியால் கரியைச் சுரண்டி, அடிமட்டத்தில், உள்ளங்கை அளவு வெறும் மரம் தெரியும்வரை சுரண்டினாள். அந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது. வேர் இன்னும் போகவில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டு கையையும் வைத்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு, நகத்துக்கு அடியில், பூனைக்குட்டி நக்குகிற மாதிரி.

வலிக்கும் என்று பல்லைக் கடித்தாள். வலிக்கவில்லை. குளிர்தான் மெல்ல மெல்ல ஏறியது. பத்து நிமிஷத்தில் சின்னவளின் உதட்டில் ஒரு கோடு சிவப்பு வந்தது. அதைப் பார்த்ததும் பெரியவள் சத்தமாக, ஒரு பைத்தியக்காரி மாதிரி, சிரித்தாள். ஒரு மணி நேரம்தான் என்று சொல்லிக்கொண்டாள். ராத்திரி ஒரு தடவை பிய்த்து எடுத்தாள். தங்கையின் மூச்சு இறங்கியது. திரும்ப வைத்தாள். மறுநாள் எடுக்க நினைத்தாள். அதற்கு மறுநாள் எடுக்க வரவில்லை. வீட்டுக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் காலை சின்னவளின் கைகள் தாமாகவே வெளியே வந்தன. சுத்தமாக, உருண்டையாக, நகமெல்லாம் ரோஜா நிறத்தில். எழுந்து நின்று சோம்பல் முறித்தாள். ஒன்பது மாதமாகப் பார்க்காத உடம்பு. பெரியவளின் கண் நிரம்பியது. வாரிக்கொடுக்கவில்லை, விட்டுக்கொடுக்கவில்லை, என் குட்டியை நானே வைத்துக்கொண்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. குட்டி என்று கூப்பிட்டாள். நாக்கு புரளவில்லை, காய்ந்த சருகு உரசுகிற சத்தம்தான் வந்தது.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள். நிழல் தரும் மரத்தைப் பார்த்து எவரும் சிரிக்கிற சிரிப்பு. பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள்.

நாட்கள் போயின. எத்தனை என்று பெரியவளுக்குத் தெரியாது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. குனிந்தபடியே ஓரக்கண்ணில் கொஞ்சம் தெரிந்தது, காது கேட்டது. உள்ளே பாத்திரச் சத்தம். பாட்டு. கேட்டில் யாரோ கூப்பிட்டார்கள். மரம் அறுக்கிற அண்ணனின் குரல். அக்கா எங்கம்மா என்றார்.

"அக்காவா? இங்க நான் மட்டும்தான் இருக்கேன்."

அவர் வண்டி கிளம்பும் சத்தம். தூரத்தில் தேயும் சத்தம். அண்ணே, என்று பெரியவள் உள்ளே கத்தினாள். அண்ணே.

காலையில் சின்னவள் பூவாளியோடு வருவாள். வரிசையாகத் தண்ணீர் ஊற்றுவாள். பெரியவளின் முதுகிலும் ஊற்றுவாள். கூந்தல் கொத்துக் கொத்தாக உதிர்ந்ததைக் கூட்டி அள்ளுவாள். ஒருநாள் ஜன்னலில் நின்று எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. கொஞ்சம் நிறுத்தி, ஆறு.

பிறகு இந்த மத்தியானம். நல்ல வெயில். செருப்புச் சத்தம் பின்னால் வந்து நின்றது. ஏதோ கனமான பொருளைத் தரையில் வைத்தாள். வயரை இழுத்துக்கொண்டு வரும் சத்தம். ஒரு தட்டு நிறைய நாற்று. ஈர மண் வாசனை.

பெரியவளின் தோளில் ஒரு கட்டைவிரல் நகம் பட்டது. சுரண்டியது.

வலிக்கவில்லை. பொடியாக உதிர்ந்தது. ஓரக்கண்ணில் பார்த்தாள். பழுப்பு.

"காஞ்சிருச்சு," என்றாள் சின்னவள், திருப்தியாக.

இன்னும் ரெண்டு இடம்டி. நான் சொல்லிக் குடுத்தேன்ல. நெஞ்சுல பாரு. பாதத்துல பாரு. மண்ணை ஒட்டிப் பாரு குட்டி. மூணு இடம். மூணு.

வாய் திறக்கவில்லை.

உச்சந்தலையில் சுண்ணக்கட்டி ஊர்ந்தது. வட்டமாக. விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி. நேர்த்தியாக. கற்றுக்கொடுத்தபடியே.

மெஷின் உறுமியது.

நின்றது.

சின்னவள் பக்கவாட்டில் வந்து குனிந்து எதையோ விரலில் எடுத்தாள். வெயிலில் தூக்கிப் பிடித்தாள். நீளமாக, வெளுப்பாக, சுருண்டு. மூக்கருகே கொண்டுபோனாள். அவள் நெற்றி சுருங்கியது. ஏதோ ஞாபகம் வரப்பார்த்தது. வா, வா, வா என்று பெரியவள் அந்த ஞாபகத்தைக் கெஞ்சினாள்.

வந்தது. சின்னவளின் முகம் தெளிந்தது.

"ஒண்ணுமில்ல," என்றாள். "மழை பெஞ்ச ஈரம்."

மெஷினை மறுபடி வைத்து அழுத்தினாள்.